கண்டதும் கேட்டதும்

(எமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சின் எழுத்து வடிவம்)





ஆண்டு விழா மேடையில் ஏறுபவர்கள் திருமுறையின் பெருமையையோ, திருக்குறளின் நுட்பத்தையோ எடுத்துப் பேசுவது இங்குள்ள வழக்கம். அதற்குரிய அறிஞர்கள் எனக்கு முன்னரே பேசியமர்ந்துவிட்டார்கள். என்னிடம் செயலாளர் தம்பி வந்து, "ஐயா, நீங்கள் எமது கடைசிச் சனிக் கூட்டத்தைப் பற்றிப் பேசினால் போதும்" என்றார். "அதில் பேச என்ன இருக்கிறது?" என்றேன். "நீங்கள் ஒரு நாள் சிரித்தீர்களே, அதைப் பற்றியே பேசலாம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். இப்படி ஒரு செயலாளரை நாமே தெரிவு செய்தோம், அனுபவிக்க வேண்டியதுதான்.

கடைசிச் சனிக் கூட்டத்தை அறியாத பெரியோர்களுக்காக ஒரு சொல். ஒவ்வொரு மாதமும் கடைசிச் சனிக்கிழமை மாலை, பிரார்த்தனை முடிந்த பின், அங்கத்தவர் சிலர் தாம் தேடிக் கண்டெடுத்த ஒரு பாட்டையோ, ஒரு குறும்படத்தையோ, ஓர் ஓவியத்தையோ கொண்டுவந்து மற்றவர்களுக்குக் காட்டுவார்கள். பெரிய கம்பனிகள் விளம்பரம் செய்து எமது வீட்டு வாசலிலே கொண்டுவந்து கொட்டுகின்றவை இங்கே வேண்டியதில்லை. ஒருவர் தாமாகத் தேடிப் போய் அடைந்ததாக அது இருத்தல் வேண்டும். ஏன் பிடித்தது என்பதை ஐந்து நிமிடத்திற்குள் சொல்லுதல் வேண்டும். இவ்வளவுதான் விதி.

இதைத் தொடங்கியபோது பெரியவர்கள் சிலர் முகஞ் சுளித்தார்கள். சைவச் சூழலில் வளரவேண்டிய பிள்ளைகளுக்கு இந்தப் பாட்டும் படமும் எதற்கு என்றார்கள். அவர்களுடைய கவலையை நான் அலட்சியம் செய்யவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். பிள்ளைகளின் கையிலே கைத்தொலைபேசி இருக்கிறது. அதிலே அவர்கள் நாள் முழுவதும் எதையோ பார்த்துக்கொண்டும் கேட்டுக்கொண்டுந்தான் இருக்கிறார்கள். முன்பு ஒரு வீட்டிலே வானொலி பாடினால் ஒழுங்கை முழுவதும் கேட்டது. தகப்பனுக்கும் மகனுக்கும் ஒரே பாட்டுத்தான். இன்றைக்கு ஒரே திண்ணையில் இருக்கும் நால்வர் நாலு உலகத்தில் இருக்கிறார்கள். தாம் தனியே சுவைப்பதைச் சபையிலே கொண்டுவந்து வைக்கும் துணிவு ஒரு பிள்ளைக்கு உண்டானால், அது நல்லதோ கெட்டதோ, நாம் அறிந்துகொள்ளவாவது வழி பிறக்கும் அன்றோ?

முதற் கூட்டங்களில் ஒன்றில் நானும் ஒரு படம் கொண்டுவந்தேன். இலங்கையைப் பற்றி 1934ஆம் ஆண்டிலே எடுக்கப்பட்ட 'சோங் ஒவ் சிலோன்' என்ற படம் அது. நாற்பது நிமிடத்திற்குச் சற்றுக் குறைவாக ஓடும். அதை எடுத்தவர் பேசில் றைற் என்னும் ஆங்கிலேயர். அப்போது அவருக்கு இருபத்தாறு வயது. தேயிலைக்கு விளம்பரம் செய்யும் சபையார் பணங் கொடுத்தார்கள். அவர்கள் கேட்டது நாலு சிறு பிரயாணப் படங்கள். ஜோன் டெயிலர் என்ற ஒரே உதவியாளருடன் இங்கு வந்திறங்கிய றைற், எமது மலைகளையும் மனிதரையும் பார்த்தபின் விளம்பரத்தை ஏறக்குறைய மறந்தே போனார். ஊர் திரும்பி அந்நான்கையும் நாலு பகுதிகள் கொண்ட ஒரே படமாகத் தொடுத்தார். தயாரிப்பாளராக இருந்த ஜோன் கிரியர்சன் அதற்கு இடமுங் கொடுத்தார். அடுத்த ஆண்டிலே பிரசல்ஸ் நகரத்துத் திரைப்பட விழாவில் அதற்கு முதற் பரிசு கிடைத்தது. தேயிலை விற்க வந்த படம் தேயிலையைக் காட்டிலும் நீண்ட காலம் மணக்கிறது.

படத்தைப் பிடித்தபோது ஒலி கிடையாது. ஒலி முழுவதும் இலண்டனிலே பின்னர் சேர்க்கப்பட்டது. இங்கேதான் அந்தப் படத்தின் சிறப்பெல்லாம் இருக்கிறது. ஓரிடத்தில் ஒரு மணியின் நாதம் எழுகிறது. ஒரு பறவை வெருண்டு தண்ணீரின் மேலாகப் பறக்கிறது. மணியின் ஓசை பரவப் பரவ எமது கண்ணும் அப்பறவையின் பின்னாலே போகிறது. வேறொன்றும் நிகழ்வதில்லை. ஆயினும் கோயில் மணியைக் கேட்டு வளர்ந்த எமக்கு அந்தச் சில விநாடிகளில் உடம்பு சிலிர்க்கிறது. மூன்றாவது பகுதியில் இதற்கு நேர்மாறான வித்தை. மலைநாட்டிலே பெண்கள் கொழுந்து பறிக்கிறார்கள்; காதில் விழுவதோ வாணிப உலகத்தின் குரல்கள், சந்தை நிலவரமும் விலையும் சொல்லும் குரல்கள். கண் காண்பது ஒன்று, காது கேட்பது ஒன்று. இரண்டுக்கும் நடுவே உள்ள தூரத்தைப் படம் ஒரு வார்த்தையாலும் விளக்குவதில்லை. நாமே அளந்துகொள்ள வேண்டியது.

அந்தக் கொழுந்து பறிக்கும் பெண்கள் எம்மவர்; மலையகத் தமிழ்ப் பெண்கள். படத்திலே அவர்களில் ஒருத்திக்கும் பெயரில்லை. ஒருத்தி பேசிய ஒரு சொல்லுமில்லை. இதைக் குறையென்று சொல்வதா, அக்காலத்து உண்மையை அப்படியே காட்டியதென்று சொல்வதா என்று நான் இன்னும் தீர்மானிக்கவில்லை. எங்கள் கூட்டத்திலே ஒரு தங்கைச்சி, பதுளைப் பக்கத்திலே பிறந்து இங்கே படிக்க வந்தவர், எழுந்து நின்று, "இதிலே எனது பூட்டியும் இருக்கக்கூடும்" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அன்றைக்கு அதற்குமேல் ஒருவரும் பேசவில்லை.

அந்தப் படத்திலே உரை வாசிக்கும் குரல் ஒரு இலங்கையருடையது. லயனல் வென்ற் என்பது அவர் பெயர். 1681இல் வெளிவந்த றொபேட் நொக்ஸின் நூலிலிருந்து எடுத்த வாசகங்களையே அவர் வாசிக்கிறார். நொக்ஸ் என்பவர் கண்டி இராச்சியத்திலே ஏறக்குறைய இருபது ஆண்டுகள் தடுத்துவைக்கப்பட்டிருந்த ஆங்கில மாலுமி. வென்ற் அவர்களோ வழக்கறிஞர் படிப்புப் படித்தவர், பியானோ வாசிப்பதில் வல்லவர், எல்லாவற்றிற்கும் மேலாகப் புகைப்படக் கலைஞர். 1900இல் பிறந்து 1944இல், நாற்பத்துநாலாம் வயதில் மறைந்தார். அவர் மறைந்தபின் அவருடைய படச் சுருள்கள், அதாவது நெகற்றிவ்கள், அழிக்கப்பட்டுவிட்டன. 1950இல் இலண்டனில் அச்சான ஒரு நூலும், ஆங்காங்கே சிலர் வைத்திருந்த பிரதிகளும் இல்லையானால் அந்த மனிதர் எதைப் பார்த்தார் என்பதை நாம் அறிய வழியே இல்லை. கொழும்பிலே அவர் பெயரால் அரங்கு இருக்கிறது. நாடகம் பார்க்கப் போகிறோம், வருகிறோம். அந்தப் பெயருக்குரியவர் யார் என்று கேட்பவர் சிலரே.

இப்படியெல்லாம் அன்று நான் மூச்சுவிடாமல் பேசினேன். சபையோரும் கைதட்டினார்கள். இனி, சிரித்த கதைக்கு வருகிறேன்.

அடுத்த மாதக் கூட்டத்திலே ஒரு தம்பி, பின்வாங்கிலே இருந்து ஒருநாளும் வாய் திறவாதவர், தாம் கைத்தொலைபேசியிலே எடுத்த ஒரு படத்தைக் கொண்டுவந்தார். நாலு நிமிடம். அவருடைய பேரனார் கோயிலுக்கு மாலை கட்டுகிறார். நிலத்திலே பாய், பாயிலே நந்தியாவட்டை, செவ்வரத்தை, துளசி, நனைத்த வாழைநார். கிழவரின் முகம் படத்திலே வரவேயில்லை. கைகள் மாத்திரம். பூவை எடுக்கின்றன, வைக்கின்றன, நாரைச் சுற்றுகின்றன, இழுக்கின்றன. நாலு நிமிடமும் அதுவேதான். எங்கோ ஒரு சேவல் கூவுகிறது. கிழவர் இடையிடையே தேவாரம் ஒன்றை முணுமுணுக்கிறார். மாலை முடிகிறது, படமும் முடிகிறது.

முன்வரிசையிலே இருந்த நான், "தம்பி, கைவேலை நன்று. படம் எப்போது தொடங்கும்?" என்று கேட்டுச் சிரித்தேன். நான் சிரிக்கவே மற்றவர்களும் சிரித்தார்கள். தம்பியும் சிரித்தார். ஐந்து நிமிடம் பேச வேண்டியவர் ஒன்றும் பேசாமல் தொலைபேசியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய் உட்கார்ந்தார். அதன்பின் மூன்று மாதம் அவர் கூட்டத்துக்கு வரவில்லை.

அன்றிரவு மண்டபத்தைப் பூட்டும்போது, முன்னே சொன்ன அதே தங்கைச்சி என்னிடம் வந்தார். "ஐயா, போன மாதம் நீங்கள் காட்டிய படத்திலே கதை இருந்ததா?" என்று கேட்டார். "இல்லை" என்றேன். "அதிலும் கைகள்தானே வேலை செய்தன?" என்றார். நான் பதில் சொல்லவில்லை. வெள்ளைக்காரர் கப்பலேறி வந்து, பரிசு பெற்ற படத்திலே, ஒரு பறவை பறந்ததற்குப் பத்து நிமிடம் வியாக்கியானம் சொன்ன வாய், எமது ஊர்ப் பிள்ளை தன் பேரனாரின் கைகளைக் காட்டியபோது கதை எங்கே என்று கேட்டது. இதனை உங்கள் முன்னிலையிலே சொல்வது எனக்கு இன்பமான காரியம் அன்று. செயலாளர் தம்பி மகிழ்ச்சியோடு இருக்கிறார், பார்க்கிறீர்களல்லவா?

ஏன் சிரித்தேன் என்று பிறகு யோசித்துப் பார்த்தேன். புகழ்பெற்றதைப் பாராட்டுவதற்குத் துணிவு வேண்டியதில்லை. மற்றவர்கள் முன்னரே பாராட்டி வைத்திருக்கிறார்கள். பெயரில்லாத ஒன்று எதிரே வரும்போது நாம் ஒன்றியாக நிற்கிறோம். பாராட்டிவிட்டு, அது ஒன்றுமில்லாததாகப் போய்விட்டால் எமது மதிப்பு என்னாவது என்ற அச்சம். சிரித்துவிட்டால் அந்த ஆபத்து இல்லை.

எமது பாட்டுக்களுக்கும் இதுவே நடந்தது. 1960களின் பிற்பகுதியிலும் 1970களிலும் இலங்கைத் தமிழ் இளைஞர் சிலர் கிற்றாரைத் தூக்கிக்கொண்டு பொப் பாடல்கள் பாடினார்கள். நித்தி கனகரத்தினம் பாடினார், ஏ. ஈ. மனோகரன் பாடினார். சினிமாக் கம்பனி எதுவும் அவர்களை உருவாக்கவில்லை. போர்த்துக்கேயர் காலத்திலிருந்து இந்நாட்டிலே வேரூன்றிய பயிலாவின் துள்ளலை எடுத்து, யாழ்ப்பாணத்துப் பேச்சுத் தமிழை அதன்மேல் ஏற்றினார்கள். பெரியவர்கள் காதைப் பொத்தினார்கள்; கூத்தாட்டம் என்றார்கள். என் தகப்பனார் வானொலிப் பெட்டியின் திருகை அணைத்துவிட்டு முற்றத்துக்குப் போய்விடுவார். வேடிக்கை என்னவென்றால், நித்தி கனகரத்தினம் பாடிய பாட்டுக்களில் ஒன்று கள்ளுக்கடைக்குப் போகாதே என்று புத்தி சொல்வது! மதுவிலக்குக் கூட்டம் போட்டு நாங்கள் தொண்டை வரளக் கத்தியும் நுழையாத வீடுகளிலே அந்தப் பாட்டு நுழைந்தது. சொற்களைக் கேட்குமுன்னரே தாளத்தைக் கேட்டுக் கதவைச் சாத்தியவர்களுக்கு இது தெரியாமற் போயிற்று. பின்னர் மனோகரன் பாடிப் பரப்பிய 'சுராங்கனி' கடல் கடந்து தமிழ்நாடு சென்று, 1977இல் 'அவர் எனக்கே சொந்தம்' என்ற படத்திலே இளையராஜாவின் இசையிலும் வந்தது. அப்பொழுது எம்மவர்கள், "அது எங்கள் பாட்டல்லவா!" என்றார்கள். ஆம், எங்கள் பாட்டுத்தான். சென்னைக்குப் போய்த் திரும்பிய பின்னர் எங்களுடையதாயிற்று.

ஓவியத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்வேன். எனக்கு அதிலே பழக்கம் குறைவு. 1943இல் கொழும்பிலே, முன்னே சொன்ன வென்ற் அவர்களின் வீட்டிலே கூடித் தொடங்கிய ஓவியர் குழு, '43 குழு' என்றே பெயர் பெற்றது. ஜோர்ஜ் கீற், ஜஸ்ரின் தரணியகல, ஐவன் பீரிஸ், ஹரி பீரிஸ் முதலியோர் அதிலே இருந்தார்கள். கீற் அவர்கள் கண்டியிலே கிறிஸ்தவ பறங்கியர் குடும்பத்திலே பிறந்தவர். அவரே கீதகோவிந்தத்தை ஆங்கிலத்திலே பெயர்த்தார். கண்ணனையும் இராதையையும் எத்தனையோ முறை தீட்டினார். பொரளைக் கோதமி விகாரைச் சுவரிலே புத்தர் சரிதத்தையும் தீட்டினார். ஒரு மதத்திலே பிறந்து இன்னொன்றின் கதையைத் தீட்டி மூன்றாவதன் கோயிலையும் அலங்கரித்த கையை இந்நாடு ஈன்றது என்பதை எமது வாலிபர்கள் அறிந்திருத்தல் நலம். கொழும்புக்குப் போகும் அங்கத்தவர்கள் பாண்ஸ் பிளேசிலே ஹரி பீரிஸ் அவர்கள் வாழ்ந்த வீட்டிலுள்ள சப்புமல் நிலையத்தை ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும். கடைத்தெருவில் செலவிடும் ஒரு மணித்தியாலத்தை அங்கே செலவிட்டால் போதும்.

எமது பக்கத்து ஓவியர் அ. மாற்கு அவர்களின் கதை வேறு. 1933இல் பிறந்து 2000இல் மறைந்தவர். பிள்ளைகளுக்கு ஓவியம் பயிற்றியே காலத்தைக் கழித்தவர். போர்க்கால இடப்பெயர்வுகளிலே அவருடைய படைப்புகள் பல இழக்கப்பட்டன. ஆனால் 1987இலேயே அவர்மீது மதிப்புக் கொண்டவர்கள் சேர்ந்து 'தேடலும் படைப்புலகமும்' என்ற மலரை வெளியிட்டிருந்தார்கள். அந்த மலரையும் ஒரு கூட்டத்தில் ஒரு தம்பி கொண்டுவந்தார். காகிதம் மஞ்சளித்து, ஓரம் கரையான் தொட்டது. நாங்கள் கைகழுவி வந்து ஒவ்வொருவராகப் புரட்டினோம்.

சரி, அந்தப் பின்வாங்குத் தம்பி என்ன ஆனார்?

மூன்றாம் மாதம் நான் அவர் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கப் போனேன் என்று சொன்னால் அழகாக இருக்கும். உண்மையிலே, திருவிழாவுக்கு மாலை கட்ட ஆளில்லை என்று கோயிலிலிருந்து சொல்லியனுப்பியதால் பேரனாரைத் தேடிப் போனேன். கிழவர் திண்ணையிலே இருந்தார். கைகள் இரண்டும் நடுங்கிக்கொண்டிருந்தன. இரண்டு மாதமாக இப்படித்தான் என்றார்; நார் பிடிபடவில்லையாம். அந்த வகையான மாலையை, பூவின் காம்பு வெளியே தெரியாமல் நாரை உள்ளே மடித்துக் கட்டும் அந்தக் கட்டை, வேறு யாருக்கும் அவர் சொல்லிக் கொடுக்கவில்லை. கேட்டு வந்தவர் இல்லை. சொல்லிக் காட்டுவதற்கும் இனிக் கை இசையாது.

தம்பி உள்ளேயிருந்து வந்தார். அப்போதுதான் அவரிடம் அந்தப் படத்தைத் திரும்பக் காட்டும்படி கேட்டேன். காட்டினார். இம்முறை நான் கண்டது வேறு. காம்பு எந்தப் பக்கம் திரும்புகிறது, நாரை எத்தனை சுற்று, எந்த விரல் இழுக்கிறது என்பதெல்லாம் அதிலே இருந்தது. முகத்தை ஏன் காட்டவில்லை என்று கேட்டேன். "முகத்தைக் காட்டினால் எல்லாரும் முகத்தைத்தான் பார்ப்பார்கள், ஐயா" என்றார். ஐந்து நிமிடத்திலே சொல்லவேண்டியதை அவர் ஒரே வாக்கியத்திலே சொல்லிவிட்டார். அன்று நான் கேட்காமற் போனது இதைத்தான்.

அந்த நாலு நிமிடப் படத்தை மெதுவாக ஓடவிட்டு, நிறுத்தி நிறுத்திப் பார்த்து, எமது மகளிர் பகுதியைச் சேர்ந்த மூவர் அந்தக் கட்டைப் பழகினார்கள். பக்கத்திலே பேரனார் இருந்து, "அது பிழை, அவிழ்", "இப்போது சரி" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கொடியேற்றத்தன்று அம்பாளுக்குச் சாத்திய மாலையை நீங்கள் எல்லோரும் பார்த்தீர்கள். பழைய மாலைபோல அவ்வளவு இறுக்கமில்லை என்று கிழவர் குறை சொன்னார். அவர் சொன்னது சரியென்று கட்டியவர்களே ஒப்புக்கொண்டார்கள்.

தம்பி நாலாம் மாதம் கூட்டத்துக்கு வந்தார். அவர் கொண்டுவந்தது கனடாவிலே நோர்மன் மக்லாரன் என்பவர் 1957இல் எடுத்த ஒரு சிறு படம். பத்து நிமிடமளவில் ஓடும்; பேச்சே இல்லை. மக்லாரன் என்பவர் படச்சுருளின்மேல் நேரே மை தீட்டியும், ஊசியாற் கீறியும் படம் செய்த மனிதர். சீனாவிலே யுனெஸ்கோவின் பணியை முடித்துத் திரும்பிய காலத்திலே கொரியப் போர் மூண்டதைக் கண்டு மனம் நொந்து, அயலவர் இருவர் ஒரு பூவுக்காகச் சண்டையிட்டு அழிவதை 1952இல் படமாக எடுத்து, ஒஸ்கார் பரிசும் பெற்றவர். நான் சொல்லும் 1957ஆம் ஆண்டுப் படத்திலோ ஒரு மனிதன் ஒரு கதிரையிலே உட்காரப் போகிறான், கதிரை விலகுகிறது. துரத்துகிறான், பிடிக்கிறான், கெஞ்சுகிறான், கோபிக்கிறான், கதிரை இடங்கொடுக்கவில்லை. இதற்கு இசை எமது பண்டிதர் ரவிசங்கர், தபேலா சதுர்லால். சிதாரும் தபேலாவும் கதிரையின் மனத்தை எமக்கு எடுத்துச் சொல்கின்றன. கடைசியில் அந்த மனிதனுக்கு ஒன்று விளங்குகிறது. அவன் குனிந்து, கதிரையைத் தன்மேல் உட்கார விடுகிறான். அதன்பிறகு கதிரை அவனை உட்கார விடுகிறது.

படம் முடிந்ததும் தம்பி என்னைப் பார்க்கவில்லை. நானும் அவரைப் பார்க்கவில்லை. சபை முழுவதும் எங்கள் இருவரையும் பார்த்தது.

நான் கொண்டுவந்த கடிகாரம் என் நேரம் முடிந்ததென்று சொல்கிறது. அடுத்த கடைசிச் சனிக் கூட்டம் மாலை ஆறரை மணிக்கு. அந்தத் தம்பி தாமே எடுத்த இன்னொரு படத்தைக் கொண்டுவருகிறார். எதைப் பற்றியது என்று கேட்டால் சொல்ல மறுக்கிறார். பெரியோர்களும் வரவேண்டும், முன்வரிசையிலேயே கதிரை போட்டு வைப்போம். திரைக்கு வெள்ளைச் சீலை கட்டுவதற்கு நாலு மணிக்கே இருவர் தேவை. ஒருவர் நான். ஏணியைப் பிடிப்பதற்கு இன்னும் ஒருவர் வேண்டும்.